‘கேட்டு என்ன ஆகப்போகிறது?’ – ரகசியமும் அதிகாரமும் நம் மூளையும்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றின் முன் உட்காரவைத்தார்கள். திரையில் கற்கள் வரும். இந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுருக்கென்று ஷாக் அடிக்கும், வலிக்கும். எந்தக் கல்லில் பாம்பு அதிகம் வரும் என்பது விளையாட விளையாட மாறிக்கொண்டே இருக்கும். பங்கேற்றவர்களின் வியர்வையையும் கண்ணின் பாப்பா விரிவதையும் கருவிகள் அளந்தன. எவ்வளவு பதற்றமாக இருக்கிறது என்று அவர்களிடமும் அவ்வப்போது கேட்டார்கள். 2016இல் வெளியான முடிவு இதுதான்: ஷாக் நிச்சயம் என்று தெரிந்த நேரத்தைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று சரிபாதியாக இருந்த நேரத்தில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது.

அடி விழும் என்று தெரிந்தால் உடம்பு தயாராகிவிடுகிறது. விழுமா விழாதா என்று தெரியாதபோதுதான் தவிக்கிறது. இது கோழைத்தனம் இல்லை. அதே ஆய்வில், பதற்றம் யாருக்கு நிலைமைக்கு ஏற்றபடி ஏறி இறங்கியதோ அவர்கள்தான் பாம்பையும் சரியாக ஊகித்தார்கள். ‘இங்கே எனக்கு ஏதோ தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும்’ என்று உடம்பு அடிக்கிற மணிதான் அந்தப் பதற்றம்.

இந்த மணி ஏன் அடிக்கிறது, அடித்தும் பதில் வராவிட்டால் மூளை என்ன செய்யும், அதனால் எந்த மாதிரி அரசியலுக்கு லாபம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன். நான் வடசென்னைக்காரன். எங்கள் பகுதியில் இது பாடப்புத்தக விஷயம் இல்லை. மூச்சு விடுகிற காற்றோடு கலந்த விஷயம்.

முதலில் மூளையைப் பற்றிக் கொஞ்சம். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே தின்றுவிடுகிறது. இவ்வளவு தின்றுவிட்டு என்ன செய்கிறது? அதன் வேலையில் பெரும்பங்கு முன்கூட்டியே ஊகிப்பது. காசிமேட்டில் படகு எடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் காற்று வாடையா கச்சானா என்று பார்த்து, அலையைப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார் இல்லையா, மூளை அந்த வேலையை ஒவ்வொரு நொடியும் செய்துகொண்டிருக்கிறது. அடுத்து என்ன வரும் என்று ஒரு கணக்குப் போடும். வந்தது கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் கணக்கைத் திருத்தும். இதற்கு அதற்குத் தகவல் வேண்டும். தகவல் தராமல் ஆபத்தை மட்டும் தந்தால் கணக்கு முடியவே முடியாது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை எடுத்துக்கொள்வோம். எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலை ஒன்றுக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது மூக்கையும் தொண்டையையும் அறுத்த நெடிதான். கண் எரிச்சல், வாந்தி, மயக்கம். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி, கிடைக்காதவர்கள் நடந்தும் ஓடியும் இருட்டில் வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த அளவு பிறகு செய்திகளில் வந்தது. ஆலை வாசல் அருகே ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா. இருக்கலாம் என்று வைத்திருக்கும் வரம்பு 400.

இந்த எண்ணை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த நேரத்தில் தெருவில் நின்ற ஒரு அம்மாவுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இது என்ன வாயு? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும்? ஈரத்துணியை முகத்தில் கட்டினால் உதவுமா? அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால் ஓரளவு உதவும். மூன்று வாக்கியம். முன்பே ஊர்க்கூட்டத்தில் சொல்லியிருந்தால் போதும், நோட்டீஸ் அடித்து ஒட்டியிருந்தால் போதும். அந்தக் குழாய் அங்கே இருப்பதும் அதில் என்ன ஓடுகிறது என்பதும் பக்கத்திலேயே வாழ்கிறவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டிய விஷயம்.

ரகசியம் என்றதும் நமக்கு முத்திரை குத்திய கோப்பும் பூட்டிய அலமாரியும்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மாதிரி ரகசியமும் உண்டு. 1923இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அலுவலக ரகசியச் சட்டம் இன்னமும் நடப்பில் இருக்கிறது. ஆனால் சாதாரண மக்களை அன்றாடம் தொடும் ரகசியம் வேறு மாதிரியானது. அளக்க வேண்டியதை அளக்காமல் விடுவது ஒரு ரகசியம். அளந்ததை யாருக்கும் புரியாத மொழியில், யாரும் போகாத இணையதளத்தின் மூலையில் போட்டுவைப்பது இன்னொரு ரகசியம். ஏற்கெனவே வெளியில் இருந்ததைச் சத்தமில்லாமல் காணாமல் ஆக்குவது மூன்றாவது.

மூன்றாவதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருந்தது, கட்டுமானம் கூடாத பகுதியாக. பின்னாளில் தகவல் உரிமை விண்ணப்பத்துக்குப் பதிலாகக் கிடைத்த வேறொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை என்று 2017இல் மீனவர்களும் சூழலியல் செயல்பாட்டாளர்களும் ஆதாரங்களோடு சொன்னார்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம், இறால் பிடித்துக் குடும்பம் நடத்தும் இடம், காகிதத்தில் இல்லை. எனக்கு இது மிகப் பெரிய வன்முறையாகவே படுகிறது. கண்ணெதிரே இருக்கும் தண்ணீரை ‘இல்லை’ என்று ஒரு ஆவணம் சொன்னால், அந்தத் தண்ணீரில் நிற்கிறவர் எதை நம்புவது?

சரி, தகவல் வராதபோது மூளை சும்மா காத்திருக்குமா? இருக்காது. இந்த இடத்தில் மூளை அறிவியலின் மிக விசித்திரமான கண்டுபிடிப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நம் மூளையின் இடது பாதியையும் வலது பாதியையும் இணைக்கும் தடிமனான நரம்புக்கற்றை ஒன்று உண்டு. கடுமையான வலிப்பு நோய் உள்ள சிலருக்கு, வேறு வழியில்லாமல் அதை அறுவை செய்து துண்டித்தார்கள். ரோஜர் ஸ்பெர்ரியும் அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகாவும் அப்படிப்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு கசானிகாவும் ஜோசப் லெடூவும் செய்த ஒரு சோதனையில், நோயாளியின் இடது மூளைக்கு மட்டும் ஒரு கோழிக்காலின் படத்தைக் காட்டினார்கள். வலது மூளைக்கு மட்டும் பனி மூடிய காட்சி ஒன்றை. பிறகு முன்னால் பல படங்களைப் பரப்பி, பொருத்தமானதைக் கையால் காட்டச் சொன்னார்கள். வலது கை கோழியைக் காட்டியது. வலது மூளையின் பேச்சைக் கேட்கும் இடது கை, பனி அள்ளும் மண்வாரியைக் காட்டியது. இரண்டும் சரியான விடைதான்.

ஆனால் பேச்சு வருவது இடது மூளையிலிருந்து. அது பனியைப் பார்க்கவே இல்லை. ஏன் மண்வாரியைக் காட்டினீர்கள் என்று கேட்டதும், ‘தெரியவில்லை’ என்று அது சொல்லவில்லை. கோழிக்கால் கோழிக்குரியது, கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்று தயக்கமே இல்லாமல் ஒரு காரணத்தைச் சொன்னது. அது பொய் இல்லை. அவர் அதை முழுமனதாக நம்பினார். கையிலிருக்கும் துண்டுகளை வைத்துக் கதை கட்டும் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்குக் கசானிகா வைத்த பெயர், விளக்கம் சொல்பவர்.

நம்முடைய மூளை அறுபடவில்லை. ஆனாலும் இந்த விளக்கம் சொல்பவர் நமக்குள்ளும் இருக்கிறார். தகவல் இல்லாத இடத்தில் அவர் கதையை நிரப்பிவிடுவார். எண்ணூரில் வாயு கசிந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் எத்தனை கதை ஓடியது! இன்னொரு ஆலை வெடிக்கப்போகிறது என்று ஒன்று, இது வேண்டுமென்றே செய்தது என்று ஒன்று. படித்தவர்கள் இதைப் பார்த்து ‘வதந்தி பரப்புகிறார்கள், அறிவில்லை’ என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. வதந்தி பிறப்பது முட்டாள்தனத்தில் இல்லை, தகவல் பஞ்சத்தில். சோறு போடாமல் வைத்துவிட்டு, மண்ணைத் தின்றான் என்று ஒருவனைத் திட்டுவது நியாயமா?

அதே நேரம், காலியான இடத்தை அரசும் நிரப்பலாம். 1977இல் லின் ஹாஷர், டேவிட் கோல்ட்ஸ்டீன், தாமஸ் டொப்பினோ ஆகியோர் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்குச் சில பொதுஅறிவு வாக்கியங்களைத் தந்து, எது உண்மை என்று கேட்டார்கள். இரண்டு வாரம் விட்டு மறுபடி, இன்னும் இரண்டு வாரம் விட்டு மறுபடி. சில வாக்கியங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தன. உண்மையோ பொய்யோ, திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியங்களை மாணவர்கள் அதிகம் நம்பினார்கள். மூளை சிரமமில்லாமல் உள்வாங்கும் விஷயம் அதற்கு உண்மைபோலத் தெரிகிறது. ஆகவே மாற்றுத் தகவலை அடைத்துவிட்டு ஒரே வாக்கியத்தைச் சுவரொட்டியிலும் டிவியிலும் போனிலும் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும். ‘அளவு பாதுகாப்பான வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்பது எங்கள் பகுதியில் அப்படியொரு வாக்கியம்.

எதேச்சாதிகாரம் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நடக்கும்: மறைப்பது, திரும்பத் திரும்பச் சொல்வது. 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. பக்கத்து ஊரான பிரிபியாத்தின் மக்களை வெளியேற்றத் தொடங்கியது மறுநாள் பிற்பகலில்தான். அதுவரை பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 28இல் சுவீடனில் ஒரு அணுமின் நிலையத்தின் கருவிகள் கதிர்வீச்சைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்ட பிறகே சோவியத் அரசு சில வரிச் செய்தி ஒன்றை வெளியிட்டது. மே தின ஊர்வலம் கீவ் நகரில் வழக்கம்போல நடந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1975 ஜூன் 25இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டதும் பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. 1976 ஜனவரி 31இல் தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. விசாரணை இல்லாமல் சிறையில் வைக்கும் மிசா சட்டத்தில் பிடிக்கப்பட்டவர்கள் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருந்த மத்திய சிறையில் அடைக்கப்பட்டு அடித்து நொறுக்கப்பட்டார்கள். சென்னையின் மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த சிட்டிபாபு அந்த அடியின் விளைவாக இறந்தார். சிறைச் சுவருக்கு வெளியே பார்க் டவுனில் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நடந்தது எதுவும் செய்தித்தாளில் வரவில்லை. அவசரநிலை முடிந்து, நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்த பிறகுதான் விவரம் வெளியே வந்தது.

ஆனால் மக்கள் பொய்யை நம்புவதுகூட எதேச்சாதிகாரத்துக்கு அவ்வளவு முக்கியம் இல்லை என்பது என் எண்ணம். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, கேட்பதை நிறுத்தினால் போதும். எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்காவுக்கு, ஆற்றில் சாம்பல் கலப்பது யாரால் என்று நன்றாகவே தெரியும். ஒரு பொய்யையும் அவர் நம்பவில்லை. கேட்டால், “கேட்டு இன்னா ஆவப்போவுது தம்பி?” என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் மூளை அறிவியலிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மெயர் இருவரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கொடுமையான சோதனை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு குழு நாய்களுக்கு ஷாக் வரும்போது, தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் அது நின்றுவிடும். இரண்டாவது குழுவுக்கும் அதே அளவு ஷாக்தான், ஆனால் எதைச் செய்தாலும் நிற்காது. மூன்றாவது குழுவுக்கு ஷாக்கே இல்லை. பிறகு எல்லா நாய்களையும் நடுவில் தாழ்வான தடுப்பு இருக்கும் ஒரு பெட்டியில் விட்டார்கள். ஷாக் வந்தால் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் போய்விடலாம். முதல் குழுவும் மூன்றாவது குழுவும் சட்டென்று கற்றுக்கொண்டு குதித்தன. இரண்டாவது குழுவில் பெரும்பாலானவை குதிக்க முயலவே இல்லை. படுத்துக்கொண்டு, முனகியபடி, வாங்கிக்கொண்டிருந்தன.

இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு உலகம் முழுக்கப் பரவியது. ‘நான் என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது’ என்பதை அந்த நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன, கையறுநிலை என்பது கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள். பல ஆண்டுகள் பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின.

மெயர் அதோடு விடவில்லை. நரம்பியலைப் படித்து, எலிகளின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பல ஆண்டுகள் தேடினார். 2016இல் செலிக்மனும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், தாங்கள் அன்று சொன்னது தலைகீழ் என்று அறிவித்தார்கள். அறிவியலில் எனக்கு மிகவும் மரியாதை வரும் இடம் இது. சுமார் 50 ஆண்டுகள் கழித்து, தங்களைப் புகழ்பெற வைத்த முடிவைத் தாங்களே திருப்பிப் போட்டார்கள்.

என்ன கண்டுபிடித்தார்கள்? மூளைத்தண்டில் டார்சல் ரஃபே என்று சிறிய பகுதி ஒன்று உண்டு. துன்பம் நீண்டுகொண்டே போனால் அங்கிருக்கும் செல்கள் செரடோனின் என்ற வேதிப்பொருளை நிறையச் சுரக்கின்றன. அது உடம்பைச் செயலற்றதாக்கி, பயத்தைக் கூட்டுகிறது. இதை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, பிறப்பிலேயே இருக்கும் அமைப்பு. நீண்ட துன்பத்தில் முடங்குவதுதான் மூளையின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது இதற்கு மறுபக்கம். ‘நான் இதைச் செய்தேன், அதனால் அது நின்றது’ என்று ஒருமுறை அனுபவத்தில் தெரிந்தால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஃபிரன்டல் கார்டெக்ஸ் அதைக் கண்டுகொள்கிறது. கண்டுகொண்டு, டார்சல் ரஃபேயை அடக்குகிறது. முடக்கம் விலகுகிறது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். ஒருமுறை அப்படிக் கட்டுப்பாட்டை அனுபவித்த எலிக்கு, பிறகு தன்னால் நிறுத்தவே முடியாத துன்பம் வந்தாலும் அது எளிதில் முடங்குவதில்லை. முன்பு பெற்ற சின்ன வெற்றி, தடுப்பூசி மாதிரி, வேறொரு நாளில் வேறொரு துன்பத்துக்கு எதிராக வேலை செய்கிறது.

மீன் விற்கும் அக்காவின் வாக்கியத்தை இப்போது திரும்பப் பாருங்கள். அவர் எதையும் தவறாகக் கற்றுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வரும் என்ற அனுபவம் அவருக்கு ஒருமுறைகூடத் தரப்படவில்லை. மனு கொடுத்தால் ரசீது இல்லை, ரசீது இருந்தால் பதில் இல்லை, பதில் வந்தால் அதில் விஷயம் இல்லை. ரகசியத்தின் உண்மையான வேலை இதுதான். ஒரு தகவலை மறைப்பதோடு அது நிற்பதில்லை. கேள்விக்கும் விளைவுக்கும் இடையிலான கயிற்றை அறுத்துவிடுகிறது. அப்புறம் மூளையின் இயல்பான முடக்கமே ஆட்சிக்குக் காவல் காக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எலியின் மூளையிலிருந்து நேராக ஒரு ஊரின் அரசியலுக்குத் தாவ முடியாது. மணலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக மகன் வேலை பார்க்கும் அப்பா, அந்த ஆலையைப் பற்றி வாய் திறக்காததற்குக் காரணம் செரடோனின் அல்ல, மகனின் வேலை. போலீஸ் வழக்குக்கும் குண்டர் சட்டத்துக்கும் பயப்படுவது மூளைக் கோளாறு இல்லை, நியாயமான கணக்கு. மூளை அறிவியல் அரசியலுக்கு மாற்று ஆகாது. ஏன் ஒரு சின்ன பதில்கூட அரசியலில் பெரிய விஷயம் என்று புரியவைப்பதற்கு அது உதவுகிறது.

இந்தியாவில் தகவல் உரிமைக்கான போராட்டம் தொடங்கிய விதமும் இதையே காட்டுகிறது. ராஜஸ்தானில் 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, நாட்டின் ராணுவ ரகசியத்தைக் கேட்டுப் போராடவில்லை. கிராமத்தில் கால்வாய் வெட்டியதற்கும் கட்டடம் கட்டியதற்கும் யார் யாருக்குக் கூலி கொடுத்தீர்கள், அந்த வருகைப்பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டது. 1994 முதல் ஊர் மக்களைக் கூட்டி வைத்து அந்தப் பதிவைச் சத்தமாகப் படித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்கு பில் எல்லாம் வெளியே வந்தன. நம் தமிழ்நாடு 1997இலேயே மாநில அளவில் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது, நாட்டிலேயே முதலாவதாக. பலவீனமான சட்டம்தான். 2005இல் நாடு முழுவதுக்குமான சட்டம் வந்தது.

கணக்குக் காகிதம் பெரிய ரகசியத்தையும் உடைக்கும். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ 1953இல் எம்கே அல்ட்ரா என்ற ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. மனித மனதைக் கட்டுப்படுத்த முடியுமா என்று தெரிந்துகொள்ள, சம்மதமே வாங்காமல் பலருக்கு எல்எஸ்டி போதைமருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1973இல் சிஐஏயின் தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் கோப்புகளை அழிக்கச் சொன்னார். அழித்தார்கள். ஆனால் 1977இல், அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கொடுத்த விண்ணப்பம் ஒன்றால், சுமார் 20,000 ஆவணங்கள் கிடைத்தன. அவை நிதிக்கணக்குக் கோப்புகளோடு சேர்ந்து கிடந்ததால் தப்பியிருந்தன.

எல்லா ரகசியமும் தப்பு என்று நான் சொல்லவில்லை. ராணுவ நகர்வு, நடந்துகொண்டிருக்கும் புலன்விசாரணை, ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பு போன்றவை காக்கப்பட வேண்டியவை. தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இப்படிப்பட்டவற்றுக்கு விலக்கு தருகிறது. வெளியிடுவதால் வரும் பொதுநன்மை பெரிதென்றால் விலக்கு பெற்றதையும் தரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 22ஆம் பிரிவின்படி, 1923இன் ரகசியச் சட்டத்தோடு முரண்பட்டால் தகவல் உரிமைச் சட்டமே மேலோங்கும். வருத்தமான செய்தி, இந்தச் சட்டத்தையே மெல்ல மெல்லச் சுருக்குகிறார்கள். 2019இல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் முடிவு செய்யும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குப் போனது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ‘இது தனிநபர் தகவல்’ என்று சொல்லி மறுப்பதை முன்பைவிடச் சுலபமாக்கியது. மறுபக்கம், கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னபோது, வாக்காளரின் தெரிந்துகொள்ளும் உரிமையைத்தான் காரணமாகக் காட்டியது.

சரி, நம்மால் என்ன செய்ய முடியும்? எங்கள் பகுதி இளைஞர்களுக்கு நான் சொல்வது, முதல் விண்ணப்பத்தில் பெரிய கேள்வி கேட்காதீர்கள். ‘ஏன் இன்னும் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது. அலுவலகத்தின் கையில் இருக்கும் பதிவை மட்டும்தான் இந்தச் சட்டத்தில் கேட்க முடியும், காரணமோ கருத்தோ கேட்க முடியாது. ஆகவே காகிதத்தைக் கேளுங்கள். மணலி, கொடுங்கையூர், ராயபுரத்தில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில், தமிழிலேயே, இப்படி எழுதலாம்:

‘1. கொடுங்கையூர் காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையத்தில் கடந்த மாதம் 1ஆம் தேதி முதல் கடைசித் தேதி வரை பதிவான தினசரி அளவுகளின் நகல் தரவும். 2. அதே மாதத்தில் கருவி இயங்காத நாட்கள் இருந்தால் அவற்றின் பட்டியல் தரவும். 3. அந்த மாதத்தில் இப்பகுதி மக்களிடமிருந்து வந்த புகார்களின் பதிவேட்டு நகலும், ஒவ்வொன்றின் மீதும் எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலும் தரவும்.’

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கருவி ஓடாத நாள்தான் பல சமயம் நாம் தேடும் நாள். மேலே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று உங்களிடம் யாரும் கேட்கக் கூடாது, சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் 5 நாளில் அவர்களே சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும். பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம்.

பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் காத்திருப்பு நீளமானது, அதனால் முதல் சுற்றிலேயே கேள்வியைச் சுருக்கமாக, மறுக்க இடமில்லாமல் எழுதுவது நல்லது. தனியாளாகக் கேட்கப் பயமாக இருந்தால், ஒரே கேள்வியை நான்கைந்து பேர் நான்கைந்து முகவரியிலிருந்து அனுப்புங்கள். பதில் வந்ததும் அதன் நகலைக் குப்பத்துப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் படித்துக்காட்டி, ரேஷன் கடைப் பக்கச் சுவரில் ஒட்டுங்கள். எந்த நாளில் யார் கேட்டது, எந்த நாளில் பதில் வந்தது என்ற இரண்டு தேதியையும் மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.